"போடு"ன்னு வாற எடத்துல எல்லாம் இங்கிலீஷ்ல "புட்" (put) எழுதலாமா? பரீட்சைக்கு படிக்கேன், வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க

அம்பை செவிலி:

எல்லாருக்கும் வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கம், பாளையங்கோட்டைல ஒரு ஆஸ்பத்திரில ஆறு வருசமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். வெளிநாட்டு வேலைக்கு ஓஈடி (OET), அதான் ஆஸ்பத்திரி வேலை பாக்கவங்களுக்கு வைக்கிற இங்கிலீஷ் பரீட்சை, அதுக்கு படிச்சிக்கிட்டிருக்கேன், டூட்டி முடிஞ்சு பஸ்ல வீட்டுக்கு வாற நேரம்தான் எனக்கு படிக்க கெடைக்கிற நேரம். போன வாரம் ஒரு மாதிரி லெட்டர் எழுதி திருத்தக் குடுத்தேன், ஒரே பக்கத்துல பதினோரு செவப்பு வட்டம், பதினொண்ணும் ஒரே வார்த்தைக்கு. புட்.

நான் எழுதினது இப்படி. "ஐ புட் இன்ஜெக்‌ஷன் டு தி பேஷண்ட்". "தி பேஷண்ட் புட் டேப்லட் அட் 8". "ஹி இஸ் புட்டிங் ஸ்பெக்ஸ்". "டாக்டர் புட் பிளாஸ்டர் டு ரைட் ஹேண்ட்". ஊசி போட்டேன், மாத்திரை போட்டாரு, கண்ணாடி போட்டிருக்காரு, மாவுக்கட்டு போட்டாவ, எல்லாமே நமக்கு போடு தானே, அப்ப புட் தானே வரணும்? திருத்தினவிய ஓரத்துல "தப்பான வெர்ப்"னு மட்டும் எழுதியிருக்காவ, ஏன்னு எழுதல. பதினொண்ணுக்கும் பதிலு வார்த்தைய மனப்பாடம் பண்ணிரலாம், ஆனா பன்னெண்டாவது வந்தா திரும்ப அதே தப்பத்தான் பண்ணுவேன். காரணம் தெரிஞ்சா எனக்கு மறக்காது. புட்னா உண்மைல என்ன அர்த்தம், எங்க வரும் எங்க வராது, யாராவது பொறுமையா சொல்லுங்க.

பாளை வாத்தியார்:

தாயி, நான் இங்கிலீஷ் பாடம் எடுத்து ரிட்டயர்ட் ஆனவன். இந்த ஒரு வார்த்தைக்கு நான் போட்ட செவப்பு வட்டம் எத்தனை ஆயிரம் இருக்கும்னு தெரியல, நானும் பல வருசம் காரணம் சொல்லாமத்தான் வட்டம் போட்டிருக்கேன், அதனால ஒங்க கேள்விய வாசிச்சதும் பதில் சொல்லாம இருக்க முடியல.

ஒங்க தப்பு இல்ல, நம்ம "போடு" அப்படி. கல்லிடைக்குறிச்சில அப்பளம் போடுதாவ, பத்தமடைப் பாயைப் போட்டு படுக்கோம், வாசல்ல கோலம் போடுதோம், கல்யாண வீட்ல பந்தல் போட்டு எலை போடுதோம், கோழி முட்டை போடுது, பிள்ளைய சண்டை போடுது, சித்திரை மாசம் வெயில் போடு போடுன்னு போடுது. இதுல ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ்ல வேற வேற ஆளு. அப்பளத்துக்கு மேக், பாய்க்கு ஸ்ப்ரெட், கோலத்துக்கு டிரா, முட்டைக்கு லே, சண்டைக்கு ஃபைட். பந்தலுக்கு மட்டும் "புட் அப்"னு சொல்லலாம். ஒரு செயலைச் செஞ்சு முடிக்கிறதுக்கே நாம போடுங்கோம். இங்கிலீஷ் புட்டுக்கு அந்த அதிகாரம் கெடையாது.

அதோட வேலை சின்னது. ஒரு பொருளை ஒரு எடத்துல கொண்டு சேக்குறது, அவ்வளவுதான். அதனால அதுக்கு மூணு விசயம் கட்டாயம் வேணும். யாரு, எதை, எங்க. இந்த "எங்க"தான் நம்ம ஆளுக விட்டுருதது. "சாவியப் போட்டேன்"னு நாம நிறுத்தலாம், கேக்கவனுக்கு புரிஞ்சிரும். "ஐ புட் தி கீ"ன்னு நிறுத்தினா வாக்கியம் நொண்டும், கேக்கவங்க அடுத்த வார்த்தைக்கு காத்துக்கிட்டே இருப்பாங்க. "ஐ புட் தி கீ ஆன் தி டேபிள்"னு எடத்தைச் சொன்னாத்தான் முடியும். இல்லைன்னா ஆன், ஆஃப், டவுன், அவேன்னு ஒரு குட்டி வார்த்தையாவது அந்த எடத்துல வந்து உக்காரணும்.

இன்னொரு விசயம், இதை நான் ரொம்ப லேட்டாத்தான் கண்டுபிடிச்சேன். புட்டுக்கு தமிழ்ல "போடு"ன்னு சின்ன வயசுல மனப்பாடம் பண்ணுறோம் பாருங்க, அங்கதான் வினையே ஆரம்பிக்கு. அது முக்காவாசி நம்ம "வை". "தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில வை", "ஃபைலை மேசைல வை", "மருந்தை ஃபிரிட்ஜ்ல வை", எல்லாம் புட். அதனால எழுதும்போது சந்தேகம் வந்தா "இதை இங்க வைச்சேன்"னு மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. பொருந்தினா புட் எழுதுங்க. "கோலத்தை வாசல்ல வைச்சேன்" பொருந்தல, விட்டுருங்க. "மாத்திரைய வயித்துல வைச்சேன்" பொருந்தல, அதனால "டுக் தி டேப்லட்". "ஊசிய நோயாளி மேல வைச்சேன்"னா ஊசிய அவர் மேல வச்சிட்டு வந்துட்டிய, மருந்து உள்ள போகல. இன்ஜெக்‌ஷன்ங்கறது பொருள் இல்லம்மா, அது ஒரு செயல். அதை எங்கயும் வைக்க முடியாது, குடுக்கத்தான் முடியும். "ஐ கேவ் ஹிம் தி இன்ஜெக்‌ஷன்".

அப்புறம் கண்ணாடி. இது தனிக்கதை. நாம ஒடம்புல சேக்குறதுக்கு எத்தனை வார்த்தை வச்சிருக்கோம், வேட்டி கட்டு, சேலை உடுத்து, சட்டை போடு, பூ வை, பொட்டு வை, வாட்ச் கட்டு. இங்கிலீஷ்ல பொருளைப் பாத்து வார்த்தை மாறாது, நேரத்தைப் பாத்து மாறும். மாட்டுற அந்த நிமிசம் "புட் ஆன்". மாட்டி முடிச்சு அப்படியே இருந்தா "வேர்". நாம "போடுதாரு", "போட்டிருக்காரு"ன்னு பின்னால ஒரு "இரு" சேத்து சொல்லுறதை அவங்க வெர்பையே மாத்தி சொல்லுறாங்க. நீங்க எழுதின "ஹி இஸ் புட்டிங் ஸ்பெக்ஸ்"ல ரெண்டு தப்பு இருக்கு, ஆனும் இல்ல, அவரு இப்ப மாட்டிக்கிட்டும் இல்ல. எப்பவும் கண்ணாடி போடுத ஆளுன்னா "ஹி வேர்ஸ் கிளாசஸ்".

தென்காசி குமரன்:

அக்கா ரொம்ப யோசிக்காதிய. லெட்டர்ல புட்டே எழுதாதிய, மொத்தமா விட்டுருங்க. ஊசிக்கு அட்மினிஸ்டர், டியூப்புக்கு இன்சர்ட், களிம்புக்கு அப்ளை, முடிஞ்சு போச்சு. என் பிரெண்டு இப்படித்தான் பாஸ் பண்ணுனான். அப்புறம் வாத்தியார் சொன்ன "வை" கணக்குலயும் ஓட்டை இருக்கு சார், கொழம்பு வச்சேன், பிள்ளைக்கு பேரு வச்சேன், இதெல்லாம் புட்டா?

பாளை வாத்தியார்:

நல்லாக் கேட்டிய தம்பி. கொழம்பு வச்சேன், பேரு வச்சேன், ரெண்டுலயும் "எங்க" இருக்கா பாருங்க. இல்ல. எதை, எங்க ரெண்டும் கண்ணுக்கு தெரியுத "வை"தான் புட். கொழம்பை அடுப்புல வைச்சேன்னு சொன்னா அங்க புட் வந்துரும், கொழம்பு வச்சேன்னா அது குக் தான்.

நாங்குநேரிக்காரி:

நான் இங்கிலாந்துல, மான்செஸ்டர் பக்கம் ஒரு வார்டுல ஒம்பது வருசமா வேலை பாக்கேன். ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து இதை வாசிச்சேன், தங்கச்சி, ஒன் கேள்வி நான் வந்த புதுசுல அழுத கேள்வி. அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன்.

குமரன் தம்பி சொன்னது லெட்டருக்கு ஓரளவு சரி, லெட்டர் இன்னொரு டாக்டருக்கோ நர்ஸுக்கோ போறது, அங்க அட்மினிஸ்டர் இன்சர்ட் எல்லாம் நிக்கும். ஆனா ஸ்பீக்கிங்ல ரோல்பிளே ரெண்டு வரும்லா, எதுத்தாப்ல நோயாளியா ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட போயி "ஐ வில் இன்சர்ட் எ கேனுலா"ன்னா அந்த ஆளு பயந்துருவாரு. இங்க நாங்க சொல்லுறது "ஐம் ஜஸ்ட் கோயிங் டு புட் எ லிட்டில் டியூப் இன் த பேக் ஆஃப் யுவர் ஹேண்ட்". பயந்து போயி இருக்கிற ஆளுக்கு அந்தச் சின்ன வார்த்தைதான் ஆறுதல். அதனால புட்டை வெறுக்காத, அது நர்ஸுக்கு தினமும் வேணும். இன்னும் சொல்லப்போனா இங்க உள்ள நர்ஸுக புட் சொல்லுற எடத்துல "பாப்"னு சொல்லுவாங்க, "பாப் யுவர் கவுன் ஆன்", "பாப் யுவர்செல்ஃப் ஆன் த பெட்", மொத வாரம் எனக்கு ஒண்ணும் புரியல, அப்புறம் பாத்தா அது புட்டோட செல்லப் பேரு.

இப்ப நம்ம வார்டு போடு எல்லாத்தையும் பாப்போம். ஊசி, கிவ். தடுப்பூசி போட்டாச்சான்னு கேக்க "ஹேஸ் ஹி ஹேட் ஹிஸ் வேக்சினேஷன்". மாத்திரை போட்டியளா, "ஹேவ் யூ டேக்கன் யுவர் டேப்லட்ஸ்", இங்க நீ புட்னு சொன்னா மாத்திரைய எங்க வச்சிட்டன்னுதான் கேப்பாங்க. ட்ரிப் போட்டேன், இதுக்கு புட் வரும், ஆனா "புட் அப் எ ட்ரிப்"னு அப் சேரணும், பாட்டிலு மேல தொங்குதுல்லா, அப்படி ஞாபகம் வச்சுக்க. இல்லைன்னா நோயாளிய முன்னால கொண்டுவந்து "வி புட் ஹிம் ஆன் எ ட்ரிப்". தையல், "தி டாக்டர் புட் இன் த்ரீ ஸ்டிச்சஸ்". கண்ணுக்கு சொட்டு மருந்து, "புட் த டிராப்ஸ் இன் ஹிஸ் ஐ". நாக்கை நீட்டுங்கன்னு சொல்ல "புட் யுவர் டங் அவுட்".

மாவுக்கட்டுதான் ரொம்ப அழகு. நாம கை மேல கட்டு போடுதோம். அவங்க கட்டுக்குள்ள கைய வைக்கிறாங்க, "ஹிஸ் ஆர்ம் வாஸ் புட் இன் பிளாஸ்டர்". சார் சொன்ன எதை, எங்க ரெண்டும் அப்படியே தலைகீழா நிக்கும். இதை ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா மறக்காது. பிரசவ வார்டுலயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு, பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுக்க ஆரம்பிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதுல்லா, அதை நோட்ஸ்ல எழுதும்போது "பேபி வாஸ் புட் டு தி பிரெஸ்ட்"னு எழுதுவாங்க. பிள்ளைய மார்ல போட்டா, நம்ம ஊர்ல சொல்லுற மாதிரியே இருக்கும்.

நம்ம தமிழோட ஒத்துப்போற எடமும் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்க, எல்லாத்துக்கும் பயப்பட வேண்டாம். ஆபரேஷனை தள்ளிப் போட்டாவ, "புட் ஆஃப்". வெயிட் போட்டுட்டாரு, "ஹி ஹேஸ் புட் ஆன் வெயிட்". ரெண்டு பாஷையும் அங்க கை கோத்துக்கிடுது.

ஒரு எடத்துல மட்டும் ரொம்ப கவனமா இரு. நான் வந்த மூணாவது மாசம், தூக்கம் வராத ஒரு தாத்தாவை மாத்திரை குடுத்து தூங்க வச்சேன். காலைல அவரு மக வந்து கேட்டப்ப "ஐ புட் ஹிம் டு ஸ்லீப்"னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. இங்க பிள்ளைய தூங்கப் போடும்போது சொல்லலாம், மயக்க மருந்து குடுக்கத பத்தி கூட சொல்லுவாங்க, ஆனா நாயி பூனை வயசாகி நோவுல கெடந்தா வெட்னரி டாக்டர் ஊசி குடுத்து முடிச்சு விடுவாங்கள்ல, அதுக்கும் இதே வார்த்தைதான். "புட் டவுன்"னாலும் அப்படித்தான். வயசானவங்க விசயத்துல இந்த ரெண்டையும் வாயில எடுக்காத, "ஹி ஸ்லெப்ட் வெல்", "ஐ ஹெல்ப்டு ஹிம் செட்டில்"னு சொல்லு. அந்தப் பொண்ணுகிட்ட நான் ரெண்டு தடவை மன்னிப்பு கேட்டேன், இன்னும் அந்த முகம் எனக்கு மறக்கல.

அதே மாதிரி வலியோட இருக்கவங்ககிட்ட "யூ ஹேவ் டு புட் அப் வித் இட்"னு சொல்லிராத. பொறுத்துக்கிடுங்கன்னு நாம அன்பாத்தான் சொல்லுவோம், அங்க அது "சகிச்சுக்கிட்டு கெட"ங்கற மாதிரி விழும்.

வ.உ.சி. மைதானம்:

நான் பி.இ.டி. மாஸ்டர், இங்கிலீஷ் வாத்தியார் இல்ல, ஆனா இந்த வார்த்தை எங்க மைதானத்துலயும் இருக்கதால சொல்லுதேன். ஷாட் புட்னு ஒரு போட்டி இருக்குல்லா, தமிழ்ல நாம குண்டு எறிதல்னு சொல்லுறோம், அந்தப் பேரே பிள்ளைகள தப்பா பழக்கிருது. எறியக்கூடாது. குண்டை கழுத்தோட ஒட்டி, தாடைகிட்ட வச்சு, ஒரே கையால தோள்ல இருந்து முன்னால தள்ளணும், கை தோளுக்கு பின்னால போச்சுன்னா ஃபவுல். புட்டுக்கு பழைய காலத்துல தள்ளு, முட்டுன்னுதான் அர்த்தம், அந்தப் பழைய அர்த்தம் ஷாட் புட்டுல அப்படியே தங்கிப் போச்சு. கோல்ஃப்ல பந்தை பைய தட்டி குழிக்குள்ள தள்ளுவாங்கள்ல, அதுக்கு பேரு பட் (putt), அதுவும் இதே வார்த்தைல இருந்து பிரிஞ்சதுதான், எழுத்துல ஒரு டி கூட, அவ்வளவுதான். அதனால "புட்டட்" (putted)னு யாராவது எழுதியிருந்தா அது கோல்ஃப் விளையாடினவனுக்கு சொந்தம், நமக்கு இல்ல. நமக்கு நேத்தும் புட், இன்னைக்கும் புட்.

பாளை வாத்தியார்:

மாஸ்டர் சொன்னதுல ஒரு நுணுக்கம் சேக்கணும், இது லெட்டர்ல மார்க்கு போற எடம். புட், புட், புட்னு வெர்போட மூணு வடிவமும் ஒண்ணுதான், நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே உருவம். அப்ப கேக்கவனுக்கு காலம் எப்படித் தெரியும்? ஹி, ஷி வந்தா அந்த எஸ்ஸை வச்சுத்தான். "ஷி புட்ஸ்"னா வழக்கமா வைக்கிறா, "ஷி புட்"னா வச்சிட்டா. எஸ் போட மறந்தா நீங்க நிகழ்காலம்னு நெனச்சு எழுதினது இறந்தகாலமா மாறிரும், நோயாளி தினமும் செய்யதை ஒரு தடவை செஞ்சதா வாசிப்பாங்க.

தாலுகா ஆபீஸ் முருகன்:

ஒரு சந்தேகம் சார். எங்க ஆபீஸ்ல "ஃபைலை புட் அப் பண்ணுங்க"ன்னு தினமும் சொல்லுவோம், மேலதிகாரி மேசைக்கு அனுப்புறதுக்கு. லீவு போட்டேன்னு "ஐ புட் லீவ்"னு எழுதுறவங்களும் உண்டு. இதெல்லாம் தப்பா? அப்புறம் லைட்டை போடுன்னு "புட் ஆன் த லைட்" சொன்னா என் மகளோட டீச்சர் தப்புன்னு சொல்லிட்டாங்களாம்.

பாளை வாத்தியார்:

ஃபைல் புட் அப் நம்ம நாட்டு ஆபீஸ் இங்கிலீஷ், நம்ம ஆபீஸுக்குள்ள சரி, எல்லாருக்கும் புரியும், வெளிநாட்டுக்கு எழுதினா சப்மிட்னு எழுதுங்க. லீவுக்கு புட் கூடாது, லீவை எங்கயும் வைக்க முடியாதுல்லா. கேட்டா அப்ளை, எடுத்தா டேக். மகள் விசயத்துல டீச்சர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க, "புட் த லைட் ஆன்" பிரிட்டிஷ்காரங்க வீட்டுல தினமும் சொல்லுறது, தப்பே இல்ல. சுவிட்ச் ஆனும் சரி, அதுவும் சரி. பிள்ளை மனசு நொந்திருந்தா சொல்லுங்க. போனுக்கும் ஒண்ணு சொல்லிருதேன், போன் போட்டேன்னா கால், ஆனா ஆபீஸ்ல "மேனேஜருக்கு லைன் போட்டுக் குடுங்க"ன்னு கேக்க "புட் மீ த்ரூ"ன்னு சரியாவே சொல்லலாம்.

அம்பை செவிலி:

எல்லாரும் இவ்வளவு எழுதுவியன்னு நெனைக்கல, கண்ணு கலங்கிட்டு. பஸ்ல உக்காந்து நாலு தடவை வாசிச்சேன். என் வாக்கியத்தை திருத்தி எழுதியிருக்கேன், பாருங்க. "ஐ கேவ் தி பேஷண்ட் தி இன்ஜெக்‌ஷன்". "தி பேஷண்ட் டுக் ஹிஸ் டேப்லட்ஸ் அட் 8". "ஹி வேர்ஸ் கிளாசஸ்". "ஹிஸ் ரைட் ஆர்ம் வாஸ் புட் இன் பிளாஸ்டர்". பதினொண்ணுல எட்டு மாறிருச்சு, மூணுல புட்டே இருக்கட்டும்னு விட்டு, எடத்தை மட்டும் சேத்தேன்.

ஒண்ணுல மட்டும் இன்னும் இடிக்கு. "ஆக்சிஜன் போட்டிருக்கு"ன்னு ஷிஃப்ட் மாறும்போது சொல்லுவோம்லா. "ஹி இஸ் புட் ஆன் ஆக்சிஜன்"னு எழுதவா? அக்கா ட்ரிப்புக்கு புட் ஹிம் ஆன்னு சொன்னிய, அதனால கேக்கேன். அப்புறம் அக்கா, மான்செஸ்டர்ல பேசுறது எனக்கு புரியுமான்னு வேற பயமா இருக்கு.

நாங்குநேரிக்காரி:

சார் கண்ணாடிக்கு சொன்ன கணக்கையே இங்க கொண்டு வா தங்கச்சி. ஆக்சிஜனை மாட்டின அந்த நேரம், "ஹி வாஸ் புட் ஆன் ஆக்சிஜன் அட் 2 ஏஎம்". மாட்டி இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு, போட்டிருக்கு, அப்ப வெறும் "ஹி இஸ் ஆன் ஆக்சிஜன்". புட் போயிரும், ஆன் மட்டும் நிக்கும். இன்சுலினுக்கும் இதே, ஆரம்பிச்ச அன்னைக்கு புட் ஆன் இன்சுலின், இன்னைக்கு வரைக்கும் ஓடினா ஆன் இன்சுலின். ஷிஃப்ட் மாத்தும்போது இது முக்கியம், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு அடுத்த நர்ஸுக்கு தெரியணும்.

பேச்சு பழகிரும், பயப்படாத. இங்க வடக்கு இங்கிலாந்துல நெறைய பேரு "ஆனால்"னு அர்த்தம் வாற "பட்" (but)ங்கற வார்த்தையையே புட் மாதிரி "புட்"னுதான் சொல்லுவாங்க, கப்பை "குப்"பும்பாங்க. லண்டன் பேச்சை டிவில கேட்டு பழகி வந்துட்டு மொத மாசம் நான் முழிச்சேன். ஓஈடி லிஸ்னிங்ல பல ஊரு உச்சரிப்பு வரும், அதனால ஒரே ஆளு பேசுறதை கேக்காத. ஒன் திருத்தின லெட்டர் முழுசையும் இங்க போடு, நோயாளி பேரு மட்டும் எடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, உக்காந்து பாக்கேன்.